பாகு வேண்டாத ஷாம்பெய்ன்

விடுமுறைக்கு லில் நகரிலிருந்து காரில் கிளம்பினால், ஷாம்பெய்னுக்குப் பேர்போன எப்பர்னே நெருங்கும்போதே என் கணவர் கயேத்தானின் நாக்கில் ஞானம் பிறந்துவிடும். இந்த ஆண்டு பெரிய நிறுவனங்களை அவர் புறக்கணித்தார். சொந்தத் திராட்சையில் ஷாம்பெய்ன் செய்யும் சிறிய குடும்பம்தான் வேண்டுமென்றார். அப்படித்தான் ரெமி என்பவரின் மது நிலவறைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே ரெமிக்கும் அவர் மகள் சொலெனுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் புட்டிகளைத் திறந்து, கழுத்தில் திரண்ட வண்டலை வெளியேற்ற வேண்டும். குறைந்த இடத்தை வழக்கம்போல் சர்க்கரைப் பாகால் நிரப்புவதா, வெறும் மதுவாலேயே நிரப்புவதா? பாகு வேண்டாம் என்றாள் சொலென். பிழிந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவளே செய்த முதல் மது அது. தக்கை அடித்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றார் ரெமி. இன்று முதலில் வரும் விருந்தினர் சொல்வதே முடிவு என்று இருவரும் ஒப்புக்கொண்டிருப்பதாக அவரே எங்களிடம் விளக்கினார்.

தீர்ப்புச் சொல்வதற்கென்றே பிறந்தவர் என் கணவர். சர்க்கரை என்பது மதுவின் குறைகளை மறைக்கும் முகப்பூச்சு என்று அவர் விரிவுரையாற்றத் தொடங்கியதும் சொலெனின் முகம் மலர்ந்தது. ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்னும், சர்க்கரை தூவிய இளஞ்சிவப்பு பிஸ்கட்டுகளை ரெமி கயேத்தான் பக்கமாகவே நகர்த்திக்கொண்டிருந்தார். விரிவுரை முடிவதற்குள் தட்டு காலி.

மாதிரிக்குத் திறந்த புட்டியிலிருந்து இரண்டு கோப்பைகள் வந்தன; ஒன்றில் மட்டும் பாகு கலந்திருந்தது. கயேத்தான் கண்களை மூடி, ஒவ்வொன்றையும் வாயில் உருட்டிப் பார்த்தார்.

"இடதுபக்கம் இருக்கறதுதான் அசல். ஒரு துளி சர்க்கரை கிடையாது. அந்த இன்னொண்ணு, மன்னிக்கணும், பல்லு கூசுது. எதையோ கலந்திருக்கீங்க."

சொலென் சுவரைப் பார்த்தாள். பாகு ஊற்றியது இடதுபக்கக் கோப்பையில்தான் என்று ரெமி மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார்.

"பாத்தியாம்மா? சர்க்கரையே ஆகாதுங்கற இந்த முசியேவுக்கும் பாகுதான் புடிக்குது."

மறுப்பதற்கு எளிதான வாதமல்ல அது. என் கணவரின் காதுகள் சிவந்ததை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் பாகில்லாத தன் மதுவின் கோப்பையைக் கழுவ எடுத்ததும் என் சிரிப்பு அடங்கியது. இரண்டையும் நானும் ருசித்திருந்தேன்; எனக்கு அவளுடையதுதான் பிடித்திருந்தது. பச்சை ஆப்பிளைக் கடித்தாற்போல் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, என் பங்குக்கு ஒரு பிஸ்கட்கூட மிஞ்சவில்லை என்பதையும் குறிப்பிட்டேன்.

சொலென் காலித் தட்டைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"இத யாருப்பா எடுத்து வெச்சது?"

"விருந்தாளிய வெறும் வாயோடயா உக்கார வைக்கிறது?"

"இனிப்பத் தின்ன நாக்குக்கு உங்க பாகு தெரியாது, என் மது புளிக்கும். உங்களுக்கு இது தெரியாதா?"

ரெமி தன் காலணிகளை ஆராய்ந்தார். நாக்கில் ஒட்டிய இனிப்பைப் போக்க ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவரப்பட்டன. சொலென் திரும்பி நின்று கோப்பைகளை இடம் மாற்றிவைத்தாள். கயேத்தான் நெடுநேரம் சுவைத்தார். அவர் இப்போது சுட்டியது பாகு சேராத அவளுடைய மதுவை.

"அப்போ மொதல்ல சொன்னது தப்புதானே?" என்று கேட்டேன்.

"என் கருத்துல மாத்தமே இல்ல. கோப்பைங்கதான் இடம் மாறிடுச்சு."

ரெமி தோள் குலுங்கச் சிரித்தார். இத்தனை உறுதியான நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய முடியாதென்று சொல்லிவிட்டு, பாகுச் சாடியைத் தாமே எடுத்துக்கொண்டு நிலவறைப் படி ஏறினார். அவர் திரும்பி வருவதற்குள் சொலென் புதுத் தக்கைகளின் பெட்டியைப் பிரித்திருந்தாள்.