பலகையில் எழுதிய கூலி

அன்று மலேசியாவின் கூலாய் ஊர் நாற்காலித் தொழிற்சாலையின் கேண்டீனில் இருந்தவர்கள் நாலே பேர். வெள்ளைப் பலகையருகே நின்றவள் செல்வராணி. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, சனிக்கிழமைதோறும் ஆங்கில வகுப்பு எடுப்பவள். முதல் மேசையில் சீனாவிலிருந்து மரம் அறுக்க வந்த சென், பக்கத்தில் அவர் கூட்டாளி லியூ. பின்னால் கதவோரம், மீகோரெங் நூடுல்ஸ் தின்றபடி சூப்பர்வைசர் ஜெயபாலன். செல்வராணியின் கூடப்பிறந்த அண்ணன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் தாளில் கட்டம் போட்டுத் தேதி எழுதுவது அவள் வழக்கம்.

பாடத்தில் வந்த 'கூலி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதினாள்.

"இது எங்க சொல், டீச்சர். கூன்னா கசப்பு, லீன்னா பலம்," என்றார் சென்.

"தமிழ்லேர்ந்து போனதுன்னும் சொல்றாங்க. எங்களுக்கு அது ஆளில்ல, வேலைக்குக் கொடுக்கிற சம்பளம். வெள்ளைக்காரன் அதையே ஆளுக்குப் பேரா வெச்சான். உங்காளுங்க அந்தச் சத்தத்துக்குக் கசப்பான எழுத்தாப் பொறுக்கிக்கிட்டாங்க. இப்ப மனுசனப் பார்த்துச் சொன்னா வசவு."

கதவோரம் சிரிப்பு வெடித்தது. "நம்ம தாத்தன் கூலியா இருந்த காலம் போச்சுலா! ஓய் கூலி, வந்து என் தட்டை எடு!"

"எனக்குப் பேர் இருக்கு," என்றார் சென். எழுந்திருக்கவில்லை.

ஜெயபாலன்தான் எழுந்தான். விறுவிறுவென்று வந்து சென்னின் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மறுபடியும் மோதினான். விரித்திருந்த நோட்டில் ரத்தத்தோடு ஒரு பல் விழுந்தது. மூன்றாவது முறை ஓங்கியபோது, சென் கையில் அகப்பட்ட ஸ்டூலைச் சுழற்றினார். ஜெயபாலனின் வலது முழங்கை மளுக்கென்று முறிந்தது. லியூ நடுவில் விழுந்து பிரித்தார்.

திங்களன்று நிர்வாகம் செல்வராணியிடம் எழுத்தில் சாட்சி கேட்டது. முதலில் கைவைத்தவனுக்கு வேலை இல்லை. அது சென் என்றால் இந்நாட்டில் வேலை செய்யும் பெர்மிட்டும் ரத்து.

மாவுக்கட்டோடு வந்து நின்றான் அண்ணன். "அவன்தான் என் மேசைக்கு வந்து அடிச்சான்னு எழுது. லியூ அவன் கூட்டாளி, அவன் பேச்சு எடுபடாது."

"எந்திரிச்சுப் போனது நீதானேண்ணே?"

"சீனனுக்காக என்னைக் கவுக்கப் போறியா?" இடக்கையால் அறைந்தான். அவள் உதடு கிழிந்தது.

செல்வராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினாள். யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே இருந்தார்கள், யார் எழுந்து நடந்தது. கட்டம் போட்ட தாளைச் சேர்த்தாள். முதல் மேசையிலிருந்து எடுத்து வைத்திருந்த நோட்டின் ரத்தம் காய்ந்த பக்கத்தையும் சேர்த்தாள். கடைசியில், இன்று தன் உதடு கிழிந்த விவரம்.

"செல்வி, வேணாம்டி," என்றான் அண்ணன். இப்போது குரல் இறங்கியிருந்தது.

உறையின் ஒட்டில் நாக்கை வைத்தாள். எச்சிலோடு ரத்தமும் கலந்து ஒட்டியது. நேரே தபாலாபீசுக்குப் போய், நடுவில் யாரும் மறைக்க முடியாதபடி நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டாள்.