பெயர் எழுதாத நான்கு நாட்கள்

கணினி அறையின் கதவில் அந்தத் தாளை ஒட்டிவிட்டு சுப்ரியா திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் சங்கிலிபூதத்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையின் உதவியாளர் அவர். கையிலிருந்த துடைக்கும் துணியை மறந்துவிட்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், இதெல்லாம் பிள்ளைகளுக்கா, நமக்கா?”

“நமக்குத்தான் அண்ணாச்சி. பிள்ளைகள் வந்து பதில் சொன்னாப் போதும். விதியெல்லாம் கேட்கிறவங்களுக்கு.”

“அப்பம் அதிசயம்தான். இதுவரைக்கும் இந்தக் கதவுல ஒட்டினதெல்லாம் அவங்களுக்குத்தான்” என்றார் அவர்.

அது உண்மை. ‘செருப்பைக் கழற்றவும்’, ‘பேசக் கூடாது’, ‘பதிவேட்டில் எழுதாமல் உள்ளே வரக் கூடாது’ என்று அந்தக் கதவில் ஏற்கெனவே மூன்று தாள்கள் மஞ்சளாகிப் போயிருந்தன. நான்காவதாக ஒட்டியதுதான் கருத்துக் கணிப்புக்கான ஆறு விதிகள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி மாதம். ஆற்றங்கரையை ஒட்டிய அந்தக் கல்லூரியில், முந்தின ஆண்டு மாணவர்களின் குறைகளைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ‘நன்று’ என்று எழுதினார்கள். ஒரே ஒருவன் மட்டும் குடிநீர்க் குழாயில் புழு வருகிறது என்று எழுதினான். ஓர் ஆசிரியருக்கு அவன் கையெழுத்து தெரிந்துபோயிற்று. மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, “என்னடே, புழுவா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. குழாய் அப்படியே இருந்தது.

அதனால்தான் முதல்வர் நெல்லையப்பன் இந்த முறை கணினியில் கேட்போம் என்றார். கணினிக்குக் கையெழுத்து கிடையாது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த சுப்ரியா, மாலை மாலையாக உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதி முடித்தாள். பன்னிரண்டு கணினிகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து கேள்விகள், கடைசியில் மனத்தில் உள்ளதைத் தட்டச்சு செய்ய ஓர் இடம். ஓய்வு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம். அவள் எழுதிய விதிகளும் எளிமையானவை. பெயர் கேட்கக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பாத கேள்வியைத் தாண்டிப் போக விட வேண்டும். ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பதில் சொன்னவர் யார் என்று தெரியும்படி எதையும் எழுதி வைக்கக் கூடாது. சொன்ன காரியத்தைத் தவிர வேறு எதற்கும் பதில்களை எடுக்கக் கூடாது.

வகுப்பு வகுப்பாகப் போய் இந்த ஆறையும் அவள் வாசித்தாள். “யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது” என்று வாக்குக் கொடுத்தாள்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நான்கு நாட்கள் கணிப்பு நடந்தது. சுப்ரியாவுக்கு மற்ற வகுப்புகள் இருந்ததால் அறை பெரும்பாலும் சங்கிலிபூதத்தான் பொறுப்பில்தான் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அவர் கணினிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, சுவத்துல என்ன படம் ஓடுது?” என்றான் ஒரு மாணவன்.

“உங்கப்பன் மழையில நனைஞ்சு ஒனக்கு பீசு கட்டின படம். பேசாம எழுதுலே.”

ஆபிதா பீவி என்ற முதலாண்டு மாணவிக்குக் கணினியே புதிது. “அண்ணாச்சி, தப்பா அமுக்கிட்டேன். வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டாள்.

“வர மாட்டேன்மா. வாயால சொல்லு. கேள்வி என்னன்னும் சொல்லாத. மேல போணுமா, கீழ போணுமா?”

“மேல.”

“மேல பாத்த அம்பு போட்ட கட்டை ஒண்ணு இருக்கும். அதைப் பைய அமுக்கு. வந்திட்டா?”

“வந்திட்டு!”

“அங்கனயே நில்லு. இனி நீயாச்சு, ஒன் மனசாச்சு.”

வாசலில் நின்று கேட்ட சுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இவர் கொஞ்சம் அதிகமாகவே விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை அச்சிட்ட தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள். நெல்லையப்பன் கணக்குப் பேராசிரியராக இருந்து முதல்வர் ஆனவர். நெற்றியில் திருநீறும் மனத்தில் ஈரமும் என்றும் காயாதவர். ஒரு தாளில் அவர் விரல் நின்றுவிட்டது.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டி அவர் வாய்விட்டுப் படித்தார்: “இரண்டாம் மாடியிலும் ஒரு தண்ணீர்ப் பானை வைத்தால் நல்லது. காலையில் சாப்பிடாமல் வருவதால் கீழே இறங்கி ஏறக் கஷ்டமாக இருக்கிறது.”

இன்னொரு முறையும் அதைப் படித்துப் பார்த்தார்.

“சோறு கேக்கலை பாத்தியாம்மா. தண்ணிதான் கேட்டிருக்கு” என்றார் பிறகு. “யாரு இந்தப் பிள்ளை?”

“தெரியாது சார்.”

“தெரிஞ்சா நல்லதுல்லா? கல்லூரி விழாவுக்கு அம்பாசமுத்திரத்து அரிசி மில்காரர் வாராரு. இந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்திட்டா, படிச்சு முடிக்கிற வரைக்கும் சாப்பாடு என் பொறுப்புன்னு அவரே சொல்லிருவாரு. தங்கமான மனுசன்.”

சுப்ரியாவுக்கு அந்த மேடை கண்ணில் தெரிந்தது. ஒலிபெருக்கியில் பெயர் கேட்கும். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். தண்ணீர்ப் பானை மட்டும் கேட்ட ஒரு பிள்ளை, தன் பசியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படியேற வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வருமா?

முதல்வரின் விரல் தாளின் ஓரத்துக்கு நகர்ந்தது. “ஏம்மா, இது என்ன எண்ணு? ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்துல இருக்கே.”

அவள் குனிந்து பார்த்தாள். ஏழு. அதையடுத்து, பதினொன்று நாற்பத்திரண்டு.

அது என்ன எண் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜூன் மாதத்தில் செய்முறைத் தேர்வுக்காக அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். எந்தக் கணினி, எந்த நேரம் என்று குறித்துக்கொள்வது அதற்குத் தேவை. அதன் கடைசி வரிகளைத்தான், கைப்பழக்கத்தில், அப்படியே எடுத்து இதிலும் சேர்த்திருந்தாள். பெயர் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் வாசலில் பதிவேடு இருந்தது. பெயர், வந்த நேரம், உட்கார்ந்த கணினி எண் மூன்றையும் சங்கிலிபூதத்தான் ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல் அதில் எழுதி வாங்கி வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்கள்.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “எந்த மெஷின், எந்த நேரம்னு விழுந்திருக்கு சார்” என்றாள்.

கணக்குப் பேராசிரியருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. “அப்பம் பதிவேட்டைப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

“சார், யாருக்கும் தெரியாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நல்லது செய்யுறதுக்கு வாக்கு குறுக்க நிக்குமாம்மா?”

கெட்ட எண்ணத்தோடு ஒருவர் கேட்டால் மறுத்துவிடலாம். இரக்கத்தோடு கேட்கிறவரை மறுப்பதுதான் கஷ்டம். முதல்வர் மணியை அடித்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் தேவதாசன் வந்தார். பதிவேட்டோடு சங்கிலிபூதத்தானை வரச் சொல்லி ஆள் போயிற்று. காந்திமதி அம்மனே, அந்த நோட்டு மழையில் நனைந்து போயிருக்கக் கூடாதா என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

நோட்டு நனையவில்லை. தேவதாசன்தான் வாங்கிப் பிரித்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். எச்சில் தொட்டு மறுபடி பின்னால் புரட்டினார்.

“என்னவே இது? செவ்வாக்கிழமை தேதி போட்டிருக்கு, கீழ ஒண்ணும் இல்ல. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நாலு நாளும் தூங்கினீரா?”

“தூங்கல சார். நோட்டை மூடி அலமாரியில வச்சு, மேல என் சோத்து வாளியையும் தூக்கி வச்சிட்டேன். பழக்கத்துல கை போயிரும்லா, அதுக்காக.”

“ஏன்?”

சங்கிலிபூதத்தான் சுப்ரியாவைப் பார்த்தார், தான் ஏதும் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்பதுபோல. “அஞ்சாவது விதியில போட்டிருக்கே சார். ஆளு யாருன்னு தெரியும்படி எதையும் எழுதி வைக்கக் கூடாதுன்னு. மேடம் ஒவ்வொரு வகுப்பாப் போயி வாக்குக் குடுத்துட்டு வாராங்க. நான் வாசல்ல உக்காந்து பேரு எழுதிக்கிட்டிருந்தா, அவங்க வாக்கை நான்லா பொய்யாக்குதேன்?”

“அந்தக் கதவுலதான் பதிவேட்டில் எழுதணும்னும் ஒட்டியிருக்கு” என்றார் தேவதாசன்.

“ஆமா சார். அது பழைய தாளு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுது. எந்த விதியை மீறினா யாருக்கு நட்டம்னு யோசிச்சேன். பழசை மீறினா எனக்கு மட்டுந்தான்.”

தேவதாசன் முதல்வர் பக்கம் திரும்பினார். “சார், இவரை நிரந்தரமாக்கச் சொல்லி நம்ம எழுதின கடிதம் திங்கட்கிழமை போகுது. ஆறு வருஷம் ஒரு நாள் விடாம பதிவேடு எழுதினாருன்னு அதுல பெருமையா வேற எழுதியிருக்கோம். இப்பம் மெமோ குடுக்காம இருந்தா நாளைக்கு ஆடிட்ல என்னையக் கேப்பாங்க.”

“குடுங்க சார், வாங்கிக்கிடுதேன்” என்றார் சங்கிலிபூதத்தான். குரலில் வீறாப்பு ஏதும் இல்லை. ஏரல் பக்கத்திலிருந்து விடிகாலைப் பேருந்தில் வருகிறவர், மூன்று பிள்ளைகள், அந்த ஆணை வந்தால் பெரியவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும் என்று போன வாரம்தான் சுப்ரியாவிடம் சொல்லியிருந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் இவர் தரையைத் துடைப்பதையும் செருப்புகளை வரிசைப்படுத்துவதையும் மட்டும்தானே பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. முதல்வர் பக்கம் திரும்பினாள்.

“சார், மெமோ எனக்குக் கொடுங்க. விதியை எழுதினது நான். எழுதிட்டு, நானே நேரத்தையும் எண்ணையும் சேர்த்து வச்சிருக்கேன். எழுதின நான் மறந்தேன். படிச்ச அவர் மறக்கலை.”

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெறுமையான அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பதைப் போல நெடுநேரம் பார்த்தார்.

“தேவதாசன், மெமோ ஒண்ணும் வேண்டாம். அந்த நாலு நாளும் பேரு எழுத வேண்டாம்னது என் வாய்மொழி உத்தரவுன்னு எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடுதேன். நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இவர் செஞ்சிருக்காரு.” பிறகு சங்கிலிபூதத்தானைப் பார்த்தார். “சரிவே. பேரு தெரியாது. அந்தப் பிள்ளைக்கு நான் எப்படிச் சோறு போட? நீரே சொல்லும்.”

சங்கிலிபூதத்தான் தலையைச் சொறிந்தார். “எங்கூர்க் கோயில் கொடைத் திருநாள்ல கஞ்சி ஊத்துவாங்க சார். பசிச்சவன் யாரு, பசிக்காதவன் யாருன்னு கேட்டா ஊத்துதாங்க? நீட்டின செம்புக்கெல்லாம் ஊத்துவாங்க. பண்ணையாரும் வாங்குவாரு, அவரு வயல்ல களை பறிக்கவளும் வாங்குவா. குடிக்கும்போது ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

முதல்வர் சட்டென்று தாள்களைப் புரட்டினார். ஒன்பதாவது கேள்வி: காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்களா? இல்லை என்றவர்கள் எழுபத்தொரு பேர்.

“ஒண்ணைப் பாத்துட்டு எழுபதை விட்டுட்டேனே” என்று முணுமுணுத்தார். தாள்களின் ஓரத்தை ஒவ்வொன்றாக மடித்து, நகத்தால் அழுத்தி, எண்கள் இருந்த பகுதியைக் கீழ்வரை கிழித்தார். கிழித்ததைச் சுக்கல் சுக்கலாக்கிக் கூடையில் போட்டார். அன்று மாலையே சுப்ரியா கணினியிலிருந்தும் அவற்றை அழித்தாள். கதவில் இருந்த தாளின் அடியில் ஏழாவதாக ஒரு வரியைப் பேனாவால் எழுதினாள்: கேட்பவர், தம் கைப்பழக்கத்தையும் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

மில்காரர் உண்மையிலேயே தங்கமான மனிதர்தான். மேடை வேண்டாம், அரிசி மட்டும் போதும் என்று முதல்வர் நேரில் போய்ச் சொன்னதும், “எனக்கும் மேடையில நிக்கக் கூச்சம்தான்வே” என்றாராம்.

கார்த்திகை பிறந்த முதல் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, கல்லூரி உணவகத்தின் பின்தாழ்வாரத்தில் ஆவி பறக்கும் கஞ்சியும், கொள்ளில் அரைத்த காணத் துவையலும் தயாராக இருந்தன. சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. வரிசையில் முதல் ஆளாகத் தட்டோடு நின்றவர் முதல்வர். அவருக்குப் பின்னால் தேவதாசன், “எனக்கு உப்புக் குறைச்சு” என்று சொல்லிக்கொண்டே நின்றார். அதற்குப் பின்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் இடித்துக்கொண்டும் வந்தார்கள். கார் வைத்திருக்கும் வீட்டுப் பையனும் வந்தான். இரண்டாம் தடவையும் வாங்கினான். இரண்டாம் மாடியில், ஈர மணல் மேல் ஒரு புதுப் பானை அன்றைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

சுப்ரியாவும் தட்டை வாங்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். கண் தன்னால் வரிசைக்குப் போயிற்று. அவசரமாகக் குடிக்கிற அந்தப் பெண்ணாக இருக்குமோ? குனிந்தே நிற்கிற இந்தப் பையனோ? ஒவ்வொரு முகமாக அவள் தேடிக்கொண்டிருந்தபோது, அகப்பையோடு நின்ற சங்கிலிபூதத்தான் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

“மேடம்.”

“என்ன அண்ணாச்சி?”

“சுவத்தைப் பாத்துக் குடிங்க.”

அவளுக்கு முகம் சிவந்தது. சிரித்துவிட்டாள். திரும்பி, சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரைப் பார்த்தபடி கஞ்சியைக் குடித்தாள். சூடாகத்தான் இருந்தது. பின்னால் எழுநூறு பேரின் சத்தத்தில் யார் குரல் யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை.