இடைவேளை முறுக்கு

முறம்பூரில் வடக்குத் தெருக்காரர்களுக்குப் படத்தின் முதல் பாதி, தெற்குத் தெருக்காரர்களுக்கு இரண்டாம் பாதி. தியேட்டர் ஒன்றுதான். இடைவேளை மணி அடித்ததும் வடக்குத் தெரு சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். தெற்குத் தெரு தோளில் துண்டோடு உள்ளே போய் அழும். சிரிப்பும் அழுகையும் கலந்த படங்கள்தான் அந்த ஊருக்கு வரும். வேறு படம் வந்தால் ஒரு தெருவுக்கு வேலை இருக்காது.

வடக்குத் தெருவில் யாரும் செத்ததில்லை. யாருக்கு நேரம் வந்துவிட்டதோ அவர் வீட்டுக்குத் தியேட்டர் ஆபரேட்டர் அருளப்பன் காலையிலேயே ஒரு முறுக்கும் ஒரு கலர் சோடாவும் கொண்டுவந்து கொடுப்பார். அதைத் தின்றவர் அன்றைக்கு இடைவேளையில் எழுந்திருக்க மாட்டார். அப்படியே உட்கார்ந்து மீதிப் படத்தையும் பார்த்துவிட்டுத் தெற்குத் தெருவில் குடியேறிவிடுவார். சாவு, கருமாதி எல்லாம் அங்கேதான்.

போனவர்களுக்கு முதல் பாதி மறந்துவிடும். வடக்குத் தெரு இசக்கியின் அம்மா போன ஆடியில் அப்படிப் போனாள். இடைவேளையில் வாசலில் எதிரே வந்தால் யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல இசக்கியைப் பார்த்துவிட்டு, இடிக்காமல் ஒதுங்கிப் போவாள்.

இசக்கி பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எல்லாப் பாடத்தையும் பாதியோடு நிறுத்தினார்கள். மீதியைத் தெற்குத் தெருப் பள்ளிக்கூடத்தில் நரைத்த தலைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன. சண்டை யார் போட்டார்கள் என்று மட்டும் சொல்லி, யார் ஜெயித்தார்கள் என்று சொல்லாத ஒரு படிப்பு எதற்கு என்று அவள் வாத்தியாரிடமே கேட்டுவிட்டு வந்தாள். அவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அருளப்பன் வந்து முறுக்கை அவள் அப்பா நம்பியிடம் கொடுத்தார். நம்பி சைக்கிள் கடைக்காரர். சட்டையை ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் உள்பக்கம் வெளியே தெரியவும் போடுவார். ஒரே பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஊருக்குச் சலித்துவிடும் என்பார். அன்றைக்கு உள்பக்கத்தின் முறை.

அவர் முறுக்கைக் கடித்துப் பார்த்தார்.

"உப்பு கம்மி, வே. போறவன்தானேன்னு விட்டுட்டீரோ."

அருளப்பன் சிரித்தார். அது வடக்குத் தெரு.

இசக்கிக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்பா அந்தப் பாதியிலும் அப்பாவாகத்தான் இருப்பாரா? கேட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. அவள் அவர் கையிலிருந்த மீதி முறுக்கைப் பிடுங்கித் தின்றாள். அருளப்பன் யோசித்தார். பாதி தின்றால் என்ன கணக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய படம் ஒரு பந்தல்காரனைப் பற்றியது. கல்யாண வீட்டில் பந்தல் போட மூங்கில்மேல் ஏறுவான். கயிற்றைக் கட்டும்போது தன் வேட்டி நுனியையும் சேர்த்துக் கட்டிவிடுவான். இறங்கும்போது அவன் மட்டும் இறங்குவான், வேட்டி மேலேயே நிற்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதே கதை. நம்பி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஒரு காலை இழந்தது.

மணி அடித்தது. வடக்குத் தெரு எழுந்து போனது. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தெற்குத் தெரு வந்து நிறைந்தது. அம்மா வந்து நம்பிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகக் கையை ஒதுக்கிக்கொண்டார்.

விளக்கு அணைந்ததும் நம்பி இசக்கியிடம் குனிந்து, "நீ யாரு புள்ளம்மா?" என்று கேட்டார்.

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படம் ஓடியது. பந்தல்காரன் வீட்டு வாசலில் இப்போது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே செத்துப்போன அவனைக் கிடத்தியிருந்தார்கள். மகன் புதிதாகத் தொழிலுக்கு வந்தவன். கட்டி முடித்து அழுதுகொண்டே இறங்கினான். அவன் வேட்டி மேலேயே நின்றது.

தியேட்டரே விம்மியது. உச்சியில் ஆடும் வெள்ளை வேட்டியைத் துக்கக் கொடி என்று அவர்கள் நினைத்தார்கள்.

இசக்கி சிரித்துவிட்டாள். அடக்கவும் பார்த்தாள், முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. அது எந்தப் பாதியில் சேர்த்தி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா திரும்பினாள். "செத்த வீட்டுல எதுக்குட்டி சிரிக்க?"

இசக்கி முதல் பாதி முழுவதையும் சொன்னாள். ஒவ்வொரு வேட்டியாகச் சொன்னாள். பெண் பார்க்கப் போன வீட்டையும் விடவில்லை. முன்வரிசை திரும்பிக் கேட்டது. பின்வரிசை எழுந்து வந்து கேட்டது. அருளப்பன் படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தார். அங்கே ஏன் அழுகிறார்கள் என்று அவருக்கும் புரிந்ததில்லை. இரண்டு பாதியையும் ஓட்டுகிறவர்தான். ஆனால் ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது என்பது தியேட்டர் வழக்கம்.

சொல்லி முடித்தபோது அம்மாவின் தோள் குலுங்கியது. தெற்குத் தெருவின் அழுகைபோல அது இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு உள்பக்கமா?"

நம்பி குனிந்து சட்டையைப் பார்த்தார். "நேத்துதான் வெளிப்பக்கம்," என்றார். பிறகு இசக்கியைப் பார்த்தார். பாதி தின்றுவிட்டு வைத்த முறுக்கு மறுபடி கையில் கிடைத்ததுபோலப் பார்த்தார்.

"ஏட்டி இசக்கி," என்றாள் அம்மா, "பால அடுப்புல வச்சிட்டு வந்தியா?"

வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூவரும் வேகமாக நடந்தார்கள்.

வீடு இப்போது வடக்குத் தெருவில் இல்லை. தெற்குத் தெருவிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு இருந்தது. பால் பாதி பொங்கி, பாதியில் நின்றிருந்தது. அம்மா அடுப்பைத் தணித்தாள். டவுன் பஸ் முன்வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அம்மா டிரைவரிடம், சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். அவர் இறங்கித் துடைத்தார். பஸ் கூடத்தைத் தாண்டிப் புறவாசல் வழியாகப் போனது. கண்டக்டர் காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார்.