நம்ம வண்டிதானே

பட்டறைக்கு வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். எனக்கே தெரியும். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிற ஆளை மடியில் வைத்துக் கொஞ்சவா முடியும்? நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். வாங்கியவர்களே மறுபடியும் வருவார்கள், வேலை சுத்தமாக இருக்கும் என்பதால். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அப்பா இறந்து பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு காலையில் இழுவை வண்டி என் தங்கச்சியின் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கியது. பின்னாலேயே அவளும் வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தலைகூட ஒழுங்காக வாரவில்லை.

"என்ன ஆச்சுன்னு பாருண்ணா. நான் இங்கயே நிக்கிறேன்."

"நீ எதுக்கு இந்த கிரீஸுக்குள்ள? வீட்டுக்குப் போ, பார்த்துட்டு போன் பண்றேன்."

"இல்ல. அன்னைக்கு நான் என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியணும்."

அப்பா அவள் வீட்டில்தான் இருந்தார். அன்று மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று சோபாவில் சாய்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்களாம். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், கார் வீட்டில் நின்றது. அவள் எப்போதாவதுதான் ஓட்டுவாள். இருந்தாலும் அப்பாவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, ஏசியை முழுசாகத் திருகிக் கிளப்பிவிட்டாள். பெரிய சாலை வரை ஒரு குறையும் இல்லை. நெரிசலில் வண்டி நின்றதும் ஏசியில் சூடான காற்று வந்திருக்கிறது. முள் ஏறியிருக்கிறது. பக்கத்து வண்டிக்காரர் யாரோ, "ஏசிய நிறுத்துங்கம்மா, இன்ஜின் சூடாகுது" என்றிருக்கிறார். நிறுத்தினாள். அப்பா வியர்த்துக் கொட்டியபடி, "ஏசி போடும்மா" என்றாராம். "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று சொன்னாளாம். அதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பார்சல் வேன்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போவதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், இவள் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டாராம்.

"நான் ஏசியப் போட்டதாலதானே?" அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அவள் கேட்டது இதைத்தான். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் மாப்பிள்ளையும். எல்லாம் முடிந்த மறுநாள் அவர் என்னை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், அந்த ஸ்விட்ச் விஷயம் அவளுக்குத் தெரியவேண்டாம். நம்ம ரெண்டு பேரையும் ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்ட தலை.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கிற ரிலே செத்துப்போனது. அந்த ஃபேன் ஓடாவிட்டால், வண்டி ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றும், நின்றால் இன்ஜின் கொதிக்கும், ஏசியும் குளிராது. அன்று ரிலே கையில் இல்லை. ஃபேனுக்கு நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச் வைத்தேன். "வண்டிய எடுத்ததும் இதைப் போட்டுடுங்க மாப்ளே, அடுத்த வாரம் ஒழுங்கா மாட்டித் தர்றேன்" என்றேன். ஊரான் வண்டியை அப்படி வெளியே விடுவேனா? கையை வெட்டினாலும் விடமாட்டேன். நம்ம வண்டிதானே, எங்கே போய்விடப்போகிறது? ரிலே மறு வாரமே வந்து மேஜை இழுப்பறையில் கிடந்தது. தலைக்கு மேல் வேலை. மாப்பிள்ளைக்கும் அந்த ஸ்விட்ச் செருப்பு மாட்டுகிற மாதிரி பழகிவிட்டது, பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

பானெட்டைத் திறந்தேன். பார்க்காமலே தெரிந்ததைப் பார்க்கிற மாதிரி நடித்தேன். ஆயில் கம்பியை உருவினேன். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது, கொதித்த சூட்டில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அர்த்தம். அவள் என் தோளை ஒட்டி நின்றுகொண்டாள்.

"தண்ணி குறைஞ்சிருந்துச்சா? நான் பார்க்காம எடுத்துட்டேனா?"

"தண்ணி இருந்திருக்கு. கொதிச்சுதான் வெளிய போயிருக்கு."

"பைப் எதுவும் கிழிஞ்சிருக்கா?"

ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினேன். கிழியவில்லை. தண்ணீர் பம்பைச் சுற்றிக் காட்டினேன், ஆட்டமில்லை. சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டேன், அழகாகத் திறந்தது. நாசமாய்ப்போன தெர்மோஸ்டாட், அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக வேலை செய்தது. ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா, பழியைத் தூக்கி அதன் மேல் போட்டுவிடுவேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒன்று நன்றாக இருக்கிறது என்று நான் காட்டக் காட்ட அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு. அப்ப நான்தான். நான்தான் அப்பாவ..." முடிக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரிலே, ஸ்விட்ச், மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னது, இழுப்பறையில் கிடக்கிற பெட்டி, எதையும் விடவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலம்மா. ஏசி போட்டதும் தப்பில்ல. அந்த ஸ்விட்சத் தட்டியிருந்தா வண்டி ஆஸ்பத்திரிவரைக்கும் போயிருக்கும். தப்பு என்னோடது" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இருபது வருடத்தில் அந்தப் பட்டறையில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று நினைத்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"பன்னெண்டு நாளா பக்கத்துலயே உட்கார்ந்து என் முதுகத் தடவிக்கிட்டு இருந்தாரு."

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பிப் பார்க்காமலே நின்றாள்.

"முள் ஏறும்போதே அப்பா சொன்னாரு, அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா, அவன் சொல்லுவான்னு. ரெண்டு தடவ சொன்னாரு. போன் என் கையிலதான் இருந்துச்சு."

"ஏம்மா போடல?"

"முள் சிவப்புல இருக்கு, இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு சொன்னா நீ திட்டுவேன்னு பயந்துட்டேண்ணா."

வாசல் வெயிலில் இறங்கி அவள் போய்க்கொண்டிருந்தாள். அவள் பயந்தது நியாயம்தான். போட்டிருந்தால் திட்டித்தான் இருப்பேன், வண்டி ஓட்டத் தெரியுமா உனக்கு என்று கத்தியிருப்பேன். கத்தி முடித்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விடு என்று சொல்லியிருப்பேன்.