ராஜபார்ட் அறைக்கு வெந்நீர்

விடியுமுன்பே முப்பிடாதி கொல்லையில் அடுப்பு மூட்டியிருந்தாள். ஈர விறகின் புகை கண்ணைக் கரித்தது. அண்டாவில் கொதித்த நீரைச் செம்புக் குடங்களில் மொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக மாடிக்குச் சுமந்தாள். இருபத்திரண்டு மரப்படிகள். ஒரு காலைக்கு எட்டு நடை.

பாளையங்கோட்டையின் அந்தப் பழைய விடுதியில், ராஜபார்ட் கந்தப்பா என்ற நாடக நடிகர் ஒருகாலத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தார். தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சிச் செம்புக் குடத்தில் கொண்டுவரச் சொல்லிக் குளிப்பாராம். முதலாளி திருஞானசம்பந்தம் அதையே விளம்பரமாக்கினார். ‘ராஜபார்ட் குளித்ததுபோல் குளியுங்கள்’ என்று பலகை மாட்டினார். மாடி அறைகளில் இருந்த வெந்நீர்க் குழாய்களைப் பிடுங்கிப் போட்டார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுமக்க முப்பிடாதி இருந்தாள்.

ஒரு படி ஆடுகிறது என்று அறைகளைக் கூட்டித் துடைக்கும் பிரிஸில்லா மூன்று முறை சொல்லிவிட்டாள்.

“ஏட்டி, அது கந்தப்பா கால் பட்ட படி. மாத்திட்டா அப்புறம் என்ன பழமை இருக்கு?” என்றார் முதலாளி மூன்று முறையும்.

அன்று ஆறாவது நடையில் அந்தப் படி முறிந்தது. குடத்தோடு உருண்ட முப்பிடாதியின் அலறல் கேட்டுப் பிரிஸில்லா மேலிருந்து ஓடிவந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை வெந்திருந்தது. சமையல்காரர் எலியேசர் தண்ணீர் ஊற்றி, அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவர் திரும்பி வந்தபோது முறிந்த இடத்தில் ஒரு பலகை அடித்திருந்தது. முதலாளி கையில் காகிதத்தோடு நின்றார்.

“கவனமில்லாம வழுக்கி விழுந்தாள்னு எழுதியிருக்கேன். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. பிரிஸில்லா, நீ தண்ணியத் தூக்கு. மூலை அறைக்காரரு குளிக்கணும்னு காத்துக்கிட்டிருக்காரு.”

“மூணு தடவ சொன்னனே முதலாளி!” என்றாள் பிரிஸில்லா. “காதுல போட்டியளா?”

“சத்தம் போடாத. விருந்தாளிக இருக்காங்க.”

எலியேசர் இருபது வருஷமாக அந்த அடுப்படியில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். பேனாவை வாங்கினார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டார்.

“அவ கால் தோலு என் கையோட வந்துச்சு முதலாளி. இந்தக் கையால நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“எலியேசரு, யோசிச்சுப் பேசும் வே.”

“இருவது வருசம் யோசிச்சிட்டேன். வேலையில நடந்த விபத்துன்னு எழுதித் தாங்க. அவ வைத்தியத்த நீங்க பாருங்க. குழாயத் திரும்ப மாட்டுங்க. அதுவரைக்கும் இங்கன அடுப்பு எரியாது.”

வேலையாட்கள் ஏழு பேரும் வெளியேறி வாசல் கேட்டருகே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. தார்ச்சாலை அனல் முகத்தில் அடித்தது. விருந்தாளிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கட்டடத்தைப் படம் எடுத்த ஒருவர், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃப்ரேம்ல விழுறீங்க” என்றார். பிரிஸில்லா தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அதிகாரி வெளியே போயிருக்கிறார், நாளை வாருங்கள் என்றார்கள்.

“நாளைக்கு வரைக்கும் தாங்குமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் எழவில்லை.

மதியம் ஒரு வேன் வந்து நின்றது. தண்ணீர் சுமக்கச் சீவலப்பேரியிலிருந்து நாலு பெண்களை முதலாளி வரவழைத்திருந்தார். நாற்றுநட்டுக் காய்த்துப்போன கைகள். கேட்டருகே உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு இறங்கியவர்கள் தயங்கினார்கள்.

“உள்ள வாங்கம்மா, அவங்களப் பாக்காதீங்க” என்று முதலாளி உள்ளிருந்து கையசைத்தார்.

நால்வரில் மூத்தவள் பிரிஸில்லாவிடம் வந்தாள். “என்ன நடந்துச்சு தாயி?”

பிரிஸில்லா சொன்னாள். அழாமல்தான் தொடங்கினாள், முடிக்க முடியவில்லை.

அந்தப் பெண் மாடியைப் பார்த்தாள். பிறகு மற்ற மூவரையும் பார்த்தாள். இருவர் தலையசைத்தார்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்த இளையவள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவளும் தலையசைத்தாள்.

“ஏலே தம்பி, வண்டியத் திருப்பிக்கோ” என்று மூத்தவள் டிரைவரிடம் சொன்னாள். “நாங்க சாயங்காலம் ஊருக்கு டவுன் பஸ்ல வாறோம்.”

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எலியேசரின் முன் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நகருங்க. நாங்க நாலு பேரும் உக்காரணும்ல.”