சத்தம் வந்தால்தான் வலி

எங்கள் கம்பெனியில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மிளகாய் என்று கேட்டால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். சட்டை தைக்கிற கம்பெனி. தைத்து வருகிற சட்டைகளை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்து, கோணல் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. சும்மா அனுப்ப மாட்டேன். "யாருடி இந்தக் காலரைத் தைச்சது? கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று கடைசி மெஷின் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கச்சேரி நடத்தித்தான் அனுப்புவேன். தைத்தவள் சிரித்துக்கொண்டே பிரிப்பாள். கோணல் இருந்தால்தான் நான் கத்துவேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டிலும் இதே வாய்தான். அதனால் எனக்கு வலி வந்தபோது, வீட்டில் அதை என் வாயை வைத்தே அளந்தார்கள். பாத்திரத்தை டங்கென்று வைத்தால், "இன்னைக்கு வலி போல" என்று மாமியார் வந்து கரண்டியை வாங்கிக்கொள்வார். கத்தினால் என் வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையோடு வருவார். அவர் லிப்ட் மெக்கானிக். எந்த மெஷினையும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார். பெண்டாட்டியையும் அப்படித்தான். கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும், சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

வலி அடிவயிற்றில், அதற்கும் கீழே. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி உள்ளே யாரோ பிழிவார்கள். முதலில் விலக்கு நாட்களில் மட்டும் வந்தது. பிறகு நாள் பார்க்காமல் வந்து, வருஷக்கணக்கில் தங்கிவிட்டது. உட்கார்ந்தால் அதிகம். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தாலும் நின்றேதான் வருவேன், அதற்குத் திமிர் பிடித்தவள் என்று ஒரு பட்டம். படுக்கையில் அவர் கை பட்டால் ஆசைக்கு முன்னால் பயம் வந்து நிற்கும். உடம்பு இறுகிவிடும். அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றுமில்லாததற்கே இந்தப் பாடா!

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான் சரியான இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட அலறலில் வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள இருக்கிற சதை கல்லு மாதிரி இறுகியிருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "வலி வந்துடுமோன்னு பயந்து பயந்து உடம்பு இறுக்கிப் பிடிச்சுக்குது. இறுகினா வலிக்கும். வலிச்சா பயம், கோபம். அதனால இன்னும் இறுகும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம். அதை ஒரு இடத்துல நிறுத்தணும்."

எழுதிக் கொடுத்தது மனசை அமைதிப்படுத்துகிற மாத்திரை. எனக்குச் சுருக்கென்றது.

"அப்போ எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா?"

"வலி நிஜம். இது அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான். அடியில வேற காரணம் இருக்கலாம், ஸ்கேன்ல தெரியாதது. மூணு மாசம் பார்ப்போம். அப்பவும் வலி இருந்தா, மயக்கம் குடுத்து, சின்ன ஓட்டை போட்டு, கேமரா வச்சு உள்ள பார்த்துடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது."

அத்தனை வருஷத்தில் வலி நிஜம் என்று சொன்ன முதல் ஆள் அவர். அந்தக் கேமராவைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் யாருக்கும் நான் நிரூபிக்க வேண்டியதில்லை.

மாத்திரை வேலை செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். பிழிகிற கை கொஞ்சம் தளர்ந்தது. தூங்கினேன். ஒரு நாள் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டேன், உட்கார்ந்திருக்கிறோம் என்பதே பாதிச் சாப்பாட்டில்தான் தெரிந்தது, அழுகை வந்துவிட்டது. முறுக்கு தளர்ந்தது. ஆனால் அடியில் ஒன்று, ஆணி அடித்த மாதிரி, அதே இடத்தில் அப்படியே இருந்தது. சதையோடு சேர்ந்து என் வாயும் தளர்ந்துவிட்டது. பாத்திரத்தை மெதுவாக வைத்தேன். இப்போது இவ்வளவு பேசுகிற நாக்கு அப்போது எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இப்பதான் வீடு வீடா இருக்கு," என்றார் மாமியார். நான் கொஞ்சம் முகம் சுளித்தாலும், "மாத்திரை போட்டியாம்மா?" என்பார். பால் பொங்கி வழிந்ததற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அதற்கும் மாத்திரை போட்டியாம்மா. பாலுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று பழைய மிளகாய் கேட்டிருப்பாள். நான், "போட்டுட்டேன் அத்தை," என்றேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனோம். "வலி எப்படி இருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"சூப்பர் டாக்டர்! இப்பல்லாம் சத்தமே இல்ல. வலி போயிடுச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆபரேஷன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஆணி இருந்த இடத்திலேயே இருந்தது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் தெரிவதற்கும் சொல்வதற்கும் நடுவே இருக்கிற அந்த உந்தலைக் காணோம். நான் தலையை ஆட்டினேன். "அப்போ கேமரா இப்ப வேண்டாம், மாத்திரையையே தொடருங்க," என்றார். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன், நாசமாய்ப் போன சிரிப்பு.

கம்பெனியில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒரு கட்டுச் சட்டை முழுக்கப் பாக்கெட் கோணல் என்று வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் அந்தச் சட்டைக் கட்டை என் மேஜையில் போட்டார். அவர் திட்டவில்லை. "மிளகாய், இது உன் கண்ணுலயா படல?" என்றார். பட்டது. ஒவ்வொரு கோணலும் பட்டது. பார்த்தேன், இருக்கட்டும் என்று அடுத்த சட்டையை எடுத்தேன். டாக்டரம்மா முன்னால் தலையாட்டினேனே, அதுவும் இதுதான் என்று அந்த மேஜையில் நின்றபடி புரிந்தது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எனக்குப் பால் கேட்டு அழவே வராமல் போய்விட்டது. அப்போது ஒரு யோசனை செய்தேன். கோபம் திரும்பி வந்தால்தான் வலி தெரியும், டாக்டருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். அடுத்த தடவை டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து மாத்திரையை வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். "போட்டியாம்மா?" "போட்டேன் அத்தை."

திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்தது கோபம் இல்லை. கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு. ட்யூப்லைட் கண்ணைக் குத்தியது, தையல் மெஷின் சத்தம் பல்லில் இறங்கியது. வயிறு பழையபடி இறுகி, ஆணியைச் சுற்றி இன்னும் பிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க ஸ்கூட்டரின் பின்னால் உட்கார முடியாமல் அவர் தோளைப் பிடித்து எம்பி எம்பி வந்தேன்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வலி இருக்கிறது, போன தடவையும் இருந்தது, கேமரா வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான். உள்ளே போனதும் வாய் குழறியது, அழுதேன், மேஜையை ஓங்கித் தட்டினேன், பேனா ஸ்டாண்ட் சாய்ந்து உருண்டது.

"இருக்கு டாக்டர்! இவர் இல்லைன்னாரு. இருக்கு! உள்ள பாருங்க, வெட்டிப் பாருங்க!"

டாக்டரம்மா என் நாடியைப் பிடித்தார். "மாத்திரையை நிறுத்திட்டீங்களாம்மா?"

"ஆமா! நிறுத்தினாத்தான் எனக்குக் கோபம் வருது!"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் கதை முடிந்தது.

"நிறுத்தினதால வர்ற நடுக்கம் இது," என்றார் டாக்டரம்மா, அன்பாகத்தான். "நிறுத்தினதும் வலி ஏறியிருக்குன்னா, மாத்திரைதான் வலியைக் கட்டி வச்சிருந்துச்சுன்னு அர்த்தம். இந்த நிலைமையில மயக்க மருந்து குடுக்கவே முடியாது. அளவைக் கொஞ்சம் கூட்டுவோம். ஆறு மாசம் போகட்டும். அமைதியா இருந்தும் வலி இருந்தா, அப்பப் பார்க்கலாம்."

"அமைதியா இருந்தா நான் எப்படிச் சொல்லுவேன்?"

"கூட இருக்கிறவங்க கவனிச்சுச் சொல்லட்டும்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். சும்மா இருந்தால் வலி இல்லை, கத்தினால் அது வலி இல்லை, நரம்புக் கோளாறு. இன்னும் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நடுக்கம் தாங்க முடியவில்லை. கீழே இருந்த மருந்துக்கடையிலேயே என் வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரில் சாய்ந்து நின்று, காகித டம்ளர் தண்ணீரில் நானே விழுங்கினேன். யாரும் வாயைப் பிளந்து போடவில்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது. நெஞ்சு அடங்கியது. பிழிகிற கை விரல் விரலாக விட்டது. ஆணி மட்டும் இருந்தது.

"இப்ப பரவாயில்லையா?" என்றார்.

"பரவாயில்ல," என்றேன். அது பொய்யும் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். குரலில் அவ்வளவு நிம்மதி. "ஒண்ணுமில்லம்மா. மாத்திரை போடாம விட்டுட்டா, அதான். இப்ப அமைதியாயிட்டா. இல்லம்மா, வலியெல்லாம் இல்ல."

இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில்தான் நின்றேன், போனில் மாமியாருக்கும் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது.