ஏழு கிலோ காட்டிய அரிசி மூட்டை

நாற்பத்திரண்டு வயது மனிசன் இடுப்பில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு சுமோ மல்லுப் பிடிக்கப் போகிறான் என்றால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? குலேந்திரனைப் பார்த்து மொன்றியலில் எங்கட சனம் ஒன்பது வருசமாகச் சிரித்தது. "திண்டு கொழுக்கிறதும் ஒரு விளையாட்டே?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களுக்கு ஒரு இழவும் தெரியாது.

அந்த மனிசன் தின்றது என்ன என்று கேளுங்கோ. விடிய ஐந்து மணிக்கு அவித்த முட்டையின் வெள்ளை மட்டும். மத்தியானம் கோழியும் முட்டைக்கோவாவும் ஒரே சட்டியில் போட்டு அவித்த தண்ணிச் சாப்பாடு. இரவுக்கு ஒரு பிடி குரக்கன் பிட்டு, அதுவும் தேங்காய்ப்பூ இல்லாமல். சோறு தொட்டு ஆறு மாதம். சாமத்தியவீட்டு விருந்துக்குக்கூடத் தன் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவான். வீட்டுக்காரர் முகத்தை நீட்டிக்கொண்டு திரிவார்கள். பியர்பொன்ட்ஸில் அவன் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு இரும்புத் தூண். வேலைக்குப் போகமுன் அதில் உள்ளங்கையால் முந்நூறு அடி. பிறகு காலை உயரத் தூக்கித் தூக்கி ஊன்றுவது இருநூறு தரம். மேலே குசினியில் கோப்பைகள் கிலுங்கும். அவன் மனைவி செல்வமலர் அவற்றை உள்ளுக்குத் தள்ளி வைப்பாள்.

எல்லாம் நூற்றுப் பதினைந்து கிலோவுக்காக. நடுத்தரப் பிரிவுக்கு அதுதான் எல்லை, அதற்கு மேலே போனால் வெளியே. 2006 யூனில் நடக்கும் தெரிவுப் போட்டியில் வெல்கிறவன் யப்பானுக்குப் போவான். இந்த வயதில் இதை விட்டால் இன்னொன்று வராது என்று குலேந்திரனுக்குத் தெரியும். ஒரு கிளப்பில் இருந்து பிரிவுக்கு ஒருவர்தான் இறங்கலாம். செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அவர்களின் கிளப்பில் அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள், குலேந்திரனும் கிறிஸ்தோப்பரும். ஏப்ரலில் குலேந்திரன் கிறிஸ்தோப்பரை நாலு செக்கனில் வட்டத்துக்கு வெளியே தள்ளினான். அவன் முதலாள், கிறிஸ்தோப்பர் மாற்றாள்.

கிறிஸ்தோப்பர் வேறு ஆளில்லை. திருகோணமலைக்காரன். ஒரே பண்டகசாலையில் வேலை, ஒன்பது வருசமாக ஒரே கிளப். வீட்டுக்குள் வந்தால் கேட்காமலே பானையைத் திறந்து பார்க்கிற அளவுக்கு உரிமை. தோற்ற அன்றைக்கும் "அண்ணை, நீங்கள் போனால் நான் போன மாதிரித்தான்" என்று கட்டிப்பிடித்தான்.

கிளப்பில் நிறை பார்க்கிற மெஷின் மாரிக் குளிரிலேயே பழுதாகிவிட்டது. வீட்டில் பார்த்து எழுதித் தாருங்கள் என்று பயிற்சிக்காரர் சொல்லியிருந்தார். குலேந்திரன் ஒவ்வொரு விடியலும் குளியலறை மெஷினில் ஏறி, முள் காட்டுவதைக் கலண்டரில் எழுதுவான். கடைசிக் கிழமை நூற்றுப் பதின்மூன்றரை. மற்ற வருசங்களில் கடைசி இரண்டு நாளும் தண்ணி குடிக்காமல் உடம்பை வறட்டுவான். இரண்டு வருசத்துக்கு முன் அப்படித்தான் குளியலறையில் மயங்கி விழுந்து மலரைக் கதிகலங்க வைத்தான். இந்தமுறை அந்தத் தேவையே இல்லை. தண்ணி குடித்தான், நிம்மதியாகப் படுத்தான்.

போட்டி அன்று காலை, நிறை பார்த்த கத்தரின் என்ற பெண் இரண்டு தரம் குனிந்து இலக்கத்தைப் பார்த்தாள். நூற்றுப் பதினாறரை.

"மெஷின் பிழை," என்றான் குலேந்திரன். அவளே ஏறிக் காட்டினாள், இன்னும் இரண்டு பேரை ஏற்றிக் காட்டினாள். மெஷின் சரிதான். ஒரு மணித்தியாலம் தந்தார்கள். குப்பை போடுகிற பிளாஸ்டிக் பையை உடம்பில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினான். பக்கத்தில் துவாயோடு ஓடினது யார்? கிறிஸ்தோப்பர். "விடாதையுங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம்" என்று முகத்தைத் துடைத்துத் துடைத்து விட்டான். ஒரு மணித்தியாலத்தில் அறுநூறு கிராம்தான் போனது. அவன் இடத்தில் கிறிஸ்தோப்பரின் பெயரை எழுதினார்கள். பாவி மனிசன் குலேந்திரன், அதற்கும் கை தட்டிவிட்டு, முதல் ஆட்டம் தொடங்கமுன் பஸ் ஏறினான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தையும் கழற்றவில்லை. குசினி மூலையில் உடைக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை மெஷினில் வைத்தான். முள் ஏழில் நின்றது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். ஏழுதான். மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் முள்ளைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சில்லில் புதுக் கீறல்கள்.

மலர் வாசலில் நின்றாள்.

"நான்தான் திருப்பினனான்," என்றாள்.

குலேந்திரன் நிலத்திலேயே குந்திவிட்டான். ஆறு மாதம் முட்டை அவித்த கை அது. கூடப் பிறந்தவர்களே சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள். மூன்று கிலோ கூட என்று போன கிழமை தெரிந்திருந்தால் தண்ணியை விட்டே இறக்கியிருப்பான்.

"ஏனடியப்பா?"

"உங்கட இருதயம் பலவீனமாம். இந்தமுறையும் தண்ணி குடியாமல் விட்டால் ஆள் தப்பாதாம். கிளப்புக்கு வந்த டொக்டர் சொன்னவராம், உங்களுக்குச் சொன்னால் கேக்கமாட்டியள் எண்டு மறைச்சவையாம். மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாய் மூண்டு கிலோ இறக்கி விட்டால் நீங்கள் பட்டினி கிடக்கமாட்டியள் எண்டு அவர்தான் சில்லைக் காட்டித் தந்தவர்."

"ஆர்?"

"கிறிஸ்தோப்பர். ஏப்ரல் கடைசியிலை தனக்கு லீவு எண்டு, நீங்கள் வேலைக்குப் போன நேரம் வந்தவர். அந்தோனியார் மேலை சத்தியம் பண்ணினவர். வேதக்காரன் அந்தோனியாரிலை பொய்ச் சத்தியம் பண்ணுவானே?"

கிளப்புக்கு எந்த டொக்டரும் வந்ததில்லை. மலர் மெதுவாகக் கேட்டாள், "அப்ப உங்கட இடத்திலை ஆரை விட்டவை?"

ரெலிபோன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். அந்தப் பக்கத்துச் சந்தோசம் குளியலறை வரைக்கும் கேட்டது. "அக்கா, வெண்டிட்டன், அண்ணையிட்டைக் குடுங்கோ, யப்பான் போறன்!" மலரின் முகம் வெளிறிப்போனது. ரெலிபோனைக் கணவனிடம் நீட்டினாள்.

"தம்பி," என்றான் குலேந்திரன். "போக முன்னம் ஒருக்கா வீட்டை வா. இந்தச் சில்லைத் திருப்பி மெஷினை நேராக்கிப்போட்டுப் போ."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அண்ணை, நான்..." என்றது குரல். குலேந்திரன் வைத்துவிட்டான்.

மலர் சுவரோடு சாய்ந்து அழுதாள். தன்னையும் ஒருவன் ஏமாற்றினான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. குலேந்திரனுக்கும் விளங்கியது. விளங்கினாலும் அந்தக் கீறல்களில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கிறிஸ்தோப்பர் வழி காட்டினான், சரி. மாதக்கணக்காக ஒவ்வொரு விடியலும் அவன் அந்த மெஷினில் ஏறும்போது பக்கத்தில் நின்று, "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்டவள் இவள்.

"நாளைக்கே புது மெஷின் வாங்குவம்," என்றாள் மலர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

குலேந்திரன் அரிசி மூட்டையைத் தூக்கி அது இருந்த மூலையில் திரும்ப வைத்தான்.

"வேண்டாம்," என்றான். "சந்தி மருந்துக்கடையிலை ஒண்டு நிக்குது. இனி நான் அங்கை போய் நிறுக்கிறன்."